இரக்கத்தின் விலை

நெடுந்தீவில் படமாளிகை கிடையாது. குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாணம் சென்றாற்றான் பெருந்திரையைக் காணலாம். மாலைக் காட்சி பார்த்தவன் அன்றிரவு தீவுக்குத் திரும்புதல் இயலாது. ஆயினும் படம் பாராதார் இத்தீவில் எவருமிலர். கைபேசித் திரையில் நாமும் பார்க்கின்றோம், நம்மிடம் பயிலும் மாணவரும் பார்க்கின்றனர். அழுதோம், சிரித்தோம், பொழுது போயிற்று என்று பெரும்பாலான படங்களைப் பற்றிச் சொல்லி முடித்துவிடலாம். ஈழத் தமிழராகிய நம்மையே கதைப்பொருளாக்கிய படங்களை அவ்வாறு விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அவற்றைப் பார்க்குந்தோறும் ஒரு வினா எழுகின்றது. நம்மீது பிறரை இரக்கங்கொள்ளச் செய்யும் படம், அவ்விரக்கத்துக்கு ஈடாக நம்மிடமிருந்து எதனை வாங்கிக்கொள்கின்றது?

நம்மவரிடை நடக்கும் விவாதமெல்லாம் வேறு திசையிலேயே செல்வது வழக்கம். நடிகர் யாழ்ப்பாணத் தமிழைச் சரியாகப் பேசினாரா, பனைமரம் நின்ற இடம் வன்னியா கேரளமா என்பனவே அங்குப் பெரிய வழக்குகள். இவை சிறு பிழைகள். சேக்சுபியர் வெனிசு நகரத்தை எப்படி வருணித்தார் என்று வெனிசுக்காரர் வழக்காடுவதைப் போன்றது இது.

நகைச்சுவைப் படத்தையே முதலிற் கொள்வோம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் ஏற்றது ஈழத்து அகதி ஒருவனின் பாத்திரம். காண்பதற்கெல்லாம் அஞ்சுபவன் அவன். அவனுடைய அச்சப் பட்டியல் நீள நீளக் கொட்டகையில் சிரிப்பும் நீண்டது. யாழ்ப்பாணத்தவரும் சிரித்தனர், நாமும் சிரித்தோம். தொல்காப்பியர் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். அச்சத்துக்கு அவர் வகுத்தவை வேறு நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. ஆளுவோனுக்கு அஞ்சுதலும் அச்சமே என்று அந்தப் பழைய இலக்கண ஆசிரியர் அறிந்திருந்தார். அகதியின் அச்சம் முதன்மையாக அவ்வகையைச் சேர்ந்தது. அதனைப் பெயர்த்தெடுத்துப் பேதைமையின் இடத்தில் வைத்துவிட்டது படம். அஞ்சுபவன் அறியாப் பிள்ளை என்று காட்டிவிட்டால், அஞ்சவைத்தவன் யார் என்ற வினா தானே மறைந்துபோகின்றது. கமல்ஹாசனின் நடிப்பில் குறைகாண நமக்கு வழியில்லை. குறை அந்த இடமாற்றத்தில் உள்ளது.

மணிரத்தினத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இதனினும் நாகரிகமானது. தத்தெடுக்கப்பட்ட சிறுமி தன்னைப் பெற்றவளைத் தேடி இந்நாட்டுக்கு வருகின்றாள். கண்ணீர் வராமற் பார்க்க முடியாது. எனினும் ஓர் எழுத்தாளனின் குடும்பம் தன் மனத்துயரைத் தீர்த்துக்கொள்ள வந்துபோகும் நிலமாகவே நம் ஊர் அங்கே எரிகின்றது. இதற்குமேல் அப்படத்தைப் பற்றிச் சொல்ல நம்மிடம் அதிகமில்லை.

2025 மே முதலாம் நாள் வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யைப் பற்றித்தான் விரிவாகப் பேசவேண்டும். அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதற்படம் அது. சசிகுமாரும் சிம்ரனும் நடித்தனர். பொருளாதார நெருக்கடியால் நாட்டை விட்டோடும் ஒரு குடும்பம் கள்ளத்தனமாக இராமேசுவரத்தில் கரையேறுகின்றது. பேச்சு வழக்கையும் பிறந்த நாட்டையும் மறைத்துச் சென்னையில் ஒரு குடியிருப்பில் வாழத் தொடங்குகின்றது. ஒருவரோடொருவர் முகங்கொடாத அயலவர்கள் இக்குடும்பத்தின் அன்பினால் மனிதராகின்றனர். இறுதியில் அவர்களே இவர்களைக் காக்க முன்வருகின்றனர். நல்ல படம். பகைமையை மூலதனமாக்கும் படங்கள் மலிந்த காலத்தில், அயலானை நேசி என்று சிரித்த முகத்தோடு சொன்ன படம். நம் மாணவர்கள் அதனை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தனர் என்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

ஆனால் அந்தத் தருமதாசனை நினைத்துப் பாருங்கள். அவன் எவ்வளவு நல்லவன்! எவரும் கேளாமலே உதவுகின்றான், எவரையும் கடிந்துகொள்ளான். அக்குடியிருப்பு அவனை ஏற்றுக்கொள்வதற்கு அவன் செலுத்திய வாடகை அந்த நற்குணம். அவன் சற்றே சிடுமூஞ்சியாக இருந்திருந்தால்? குடிப்பவனாக, கடன் வாங்கித் திருப்பாதவனாக, வந்த இடத்திலும் சாதி கேட்பவனாக இருந்திருந்தால்? அப்படிப்பட்ட தமிழர் நம் தீவில் உள்ளனர். எல்லா ஊரிலும் உள்ளனர். பசியும் பயமும் அவர்களுக்கும் உண்டு. அவர்களை அந்தக் குடியிருப்பு என்ன செய்திருக்கும்? படம் இதற்கு விடை சொல்லவில்லை. சொல்லவேண்டிய இடத்துக்கே அது செல்லவில்லை. அடைக்கலம் உரிமையா, நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசா என்பதே இங்குள்ள வழக்கு. பரிசுதான் என்று படம் நம்மை அறியாமலே நம் தலையை அசைக்கச் செய்கின்றது.

உண்மையில் நடந்தது வேறு. 2022 மார்ச்சு மாதத்தில், பால்மாவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களில், வடக்கிலிருந்து சில குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் சென்றன. அவர்களுக்குக் கிடைத்தது அன்பு வழியும் குடியிருப்பன்று, மண்டபம் முகாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மவர் வாழ்கின்றனர்; அங்கேயே பிறந்து அங்கேயே பிள்ளை பெற்றவரும் உளர். 2021 இல் அவை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றம் பெற்றன. 2019 இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டமோ ஆப்கானித்தான், வங்காளதேசம், பாகித்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரைக் குறித்துப் பேசிற்று. இலங்கையை அது குறிப்பிடவில்லை. ஒரு தெருவின் நல்லுள்ளம் சட்டத்தின் வேலையைச் செய்துவிடும் என்று நம்பவைப்பது இனிய பொய். இனிமையாயிருப்பதனாலேயே அதனைச் சுட்டவேண்டியுள்ளது.

நம் மரபில் இதற்கு வேறொரு விடை உண்டு. மணிபல்லவம் நமக்கு அடுத்த நயினாதீவே என்று கருதுவோர் பலர். அங்குள்ள கோமுகிப் பொய்கையில் எழுந்த அமுதசுரபி, பசித்தவளாகிய காயசண்டிகைக்கு உணவளித்தது. அவள் குற்றமற்றவளல்லள், முனிவரின் கனியைக் காலால் சிதைத்துச் சாபம் பெற்றவள். மணிமேகலை அவளுடைய நடத்தைச் சான்றிதழைக் கேட்டுவிட்டு அமுது படைத்ததாகச் சாத்தனார் பாடவில்லை.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், பிரான்சு நாட்டவராகிய ழாக் ஓடியார் எடுத்த 'தீபன்' உயர்ந்து நிற்கின்றது. 2015 இல் கான் விழாவின் தங்கப் பனையோலை விருதைப் பெற்ற படம் அது. அதன் நாயகராக நடித்த ஷோபாசக்தி, நம் தீவகத்து அல்லைப்பிட்டியிற் பிறந்த எழுத்தாளர். முன்னாட் போராளி ஒருவன், உறவில்லாத ஒரு பெண், தாயற்ற ஒரு சிறுமி ஆகிய மூவரும் இறந்தோரின் கடவுச்சீட்டில் குடும்பமென நடித்துப் பாரிசு செல்கின்றனர். அவர்கள் பொய் சொல்கின்றனர், ஒருவரையொருவர் வெறுக்கின்றனர். அந்தப் பெண் மற்றிருவரையும் கைவிட்டு ஓடவும் முயல்கின்றாள். ஆனாலும் அவர்களுக்கு வீடு வேண்டும் என்று நம் நெஞ்சு துடிக்கின்றது. அதுவே இரக்கம். படத்தின் இறுதிப் பகுதி கத்தியும் துப்பாக்கியுமாகச் சீரழிந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுவோம். அதுவரை மனிதனாயிருந்தவனை அங்கே பழைய படக்கதாநாயகனாக்கிவிட்டனர்.

அசோக ஹந்தகம என்னும் சிங்கள இயக்குநர் தமிழிலேயே எடுத்த 'இனி அவன்' (2012) இன்னும் நெருங்கி வந்தது. மறுவாழ்வு பெற்றுத் தன் ஊருக்குத் திரும்பும் போராளியை ஊரவர் எப்படிப் பார்த்தனர் என்பதே அதன் தொடக்கம். அவர் சிங்களவராயிற்றே, அவருக்கென்ன தெரியும் என்றனர் சிலர். நம் முகத்திலுள்ள கறையைக் காட்ட நம் வீட்டுக் கண்ணாடிதான் வேண்டுமென்பது என்ன நியாயம்?

கண்ணாடியை உடைப்பதில் நாம் எவருக்கும் இளைத்தவரல்லோம். பிரசன்ன விதானகேயின் 'உன்னோடு நீயின்றி' என்று பொருள்படும் சிங்களப் படம், ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் முன்னாட் படைவீரனுக்கும் இடையேயான மணவாழ்வைக் கூறுவது. தொசுத்தாயெவ்சுக்கியின் கதையைத் தழுவியது. 2014 இல் சென்னையில் மிரட்டல்களால் அதன் காட்சிகள் நிறுத்தப்பட்டன. போராளி இயக்கங்களின் உட்கொலைகளைப் பேசிய யூட் ரட்ணத்தின் ஆவணப்படம் 2018 இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பினால் காட்டப்படாமற் போயிற்று. அதன் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடல்ல. ஆனால் பார்த்தபின் மறுப்பதற்கும் பாராமல் மறுப்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

நம் தீவின் கரையைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978 இல் பிரேம்நாத் மொறாயசின் இயக்கத்தில் படமாயிற்று. பருவகாலத்தில் வெளியூரிலிருந்து வந்து வாடியமைத்துத் தங்கும் மீனவரும், கரையிலுள்ளோரும், இடையே விளையும் காதலும் பகையும் அதன் பொருள். தொழில்நுட்பத்தில் தமிழகப் படங்களோடு அது போட்டியிட இயலாது. ஆனால் அங்கே அடைக்கலம் கொடுக்கும் இடத்தில் நாம் நிற்கின்றோம். வந்தவனை நாம் எல்லோரும் நன்றாக நடத்தவில்லை என்பதும் அக்கதையில் இருக்கின்றது. நம்மைப் பற்றி நாமே இரக்கப்படாமற் பேசிய அரிய படங்களுள் அதுவும் ஒன்று.

எடுக்கப்படாத கதைகள் இக்கடலில் இன்னும் கிடக்கின்றன. 2017 இல் இந்நாட்டில் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் தமிழகத்து இழுவைப்படகுகள் இரவில் வந்து நம் மீனவரின் வலைகளை அறுத்துச் செல்கின்றன. அப்படகுகளில் கூலிக்கு வந்தவர் நெடுந்தீவுக் கடலிற் கைதாகிச் சிறைசெல்கின்றனர். வலையிழந்தவனும் தமிழன், சிறையிலிருப்பவனும் தமிழன், இருவரும் ஏழைகள். படகின் முதலாளியோ கரையில் இருக்கின்றான். இதில் எவரை நல்லவராக்கி அழவைப்பது? இனிப்பூட்ட இடந்தராத கதை இது. அதனாலேயே இதுவரை பெரிய நடிகர் எவரும் இதற்குத் தேதி ஒதுக்கவில்லை போலும்.

குமுதினி இருக்கின்றாள். 1985 மே 15 ஆம் நாள் அப்படகில், குழந்தைகள் உட்பட நம்மவர் பலர் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் விளக்கேற்றுகின்றோம். ஒருநாள் எவரேனும் படக்கருவியோடு துறைமுகத்தில் வந்திறங்கக்கூடும். இறந்தோரையெல்லாம் வெள்ளாடை உடுத்த தேவராக்கி, பின்னணியில் வயலினை அழவிட்டு எடுப்பாரோ? அன்று காலை படகேறியவருள் ஒருவர் அயலவரோடு வேலிச் சண்டை போட்டுவிட்டு ஏறியிருப்பார். ஒருவர் கந்தோருக்குப் பொய்க்கணக்கோடு புறப்பட்டிருப்பார். ஒருத்தி மாமியாரைத் திட்டிக்கொண்டே பிள்ளையைத் தூக்கிச் சென்றிருப்பாள். அவர்களை அப்படியே எடுக்கத் துணிபவர் வந்தால், தங்குவதற்கு இத்தீவில் வீடு கொடுப்போர் உண்டு.