கேட்டீங்களா?

போன மே மாதம் என் மகள் பிளஸ் டூ பாஸ் பண்ணினாள். ரிசல்ட் வந்த பத்தாவது நிமிஷம் மார்க்கை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டேன். ராத்திரிக்குள் இருநூற்றுச் சொச்சம் பேர் பார்த்தாச்சு. யார் வாழ்த்தினார்கள், யார் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பி.காம். படித்தவன். பற்றும் வரவும் டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராது.)

மகள் சாப்பிட வரவில்லை. கெமிஸ்ட்ரியில் எதிர்பார்த்த மார்க் வரலையாம். "போடறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டீங்களாப்பா?" என்றாள். கேட்கவில்லை. கேட்கணும் என்று தோன்றவே இல்லை.

ஏன் இப்படி ஊருக்கெல்லாம் காட்டத் துடிக்கிறோம்? செல்போன் வந்து கெடுத்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் அது செல்லாது. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளில் போய்ப் பாருங்கள். பெயின்டரிடம் ஓனர் கொடுக்கிற துண்டுச் சீட்டில் பிள்ளைகள் பெயர் இருக்கும். கேபின் நெற்றியில் குலசாமிக்குப் பக்கத்திலேயே மகளும் மகனும் ஏறிவிடுவார்கள். அந்த வண்டி அஸ்ஸாம் வரை போகும். அங்கே அந்தத் தமிழ் எழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்? ஆனாலும் எழுதுகிறார். மாசா மாசம் டியூ கட்டி ஓட்டுகிற வண்டி. இது யாருக்காக ஓடுது என்று யாரிடமாவது சொல்லியாகணும். சந்தோஷத்துக்கு ஒரு சாட்சி வேணும், அவ்வளவுதான். இதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ் பார்த்திருப்பீர்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம், பத்தடி உயரத்தில் பதின்மூன்று வயதுப் பெண், பட்டுப்புடவையில். கீழே கூலிங் கிளாஸோடு தாய்மாமன்கள். திங்கட்கிழமை அவள் அந்த வழியாகத்தான் ஸ்கூலுக்குப் போகணும். அவளைக் கேட்டார்களா? என் ஸ்டேட்டஸும் அந்த ஃப்ளெக்ஸின் சின்ன சைஸ்தான். சொந்த வாழ்க்கையைப் பகிர்கிறோம் என்கிறோம். பாதி நேரம் அது அடுத்தவர் வாழ்க்கை.

2016 ஜூனில் சேலம் இளம்பிள்ளை பக்கம் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 21 வயதுப் பெண்ணின் முகத்தை எடுத்து, ஆபாசப் படத்தோடு ஒட்டி, ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். வீட்டார் போலீஸில் புகார் கொடுத்தார்கள். நாட்கள் போயின. தான் யாருக்கும் படம் அனுப்பவில்லை என்று எழுதி வைத்துவிட்டு அவள் உயிரை விட்டாள். அப்புறம்தான் ஆள் பிடிபட்டான். தாமதத்துக்கு மாவட்ட எஸ்.பி. மன்னிப்புக் கேட்டார்.

அந்த வாரம் டீக்கடையில் காதில் விழுந்தது: "பொம்பளைப் புள்ள எதுக்குங்க இன்டர்நெட்டுல போட்டோ போடோணும்?"

பிள்ளை பெயரை ஏன் ரோட்டில் எழுதினாய் என்று லாரி ஓனரிடம் யாரும் கேட்டதில்லை. முகத்தைக் காட்டியவளிடம் கேட்கிறோம். எடுத்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அவளைக் கேட்டாயா என்று. சாகும்போதும் அந்தப் பெண்தான் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் இது எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே போய்விடும். அதற்கு முன்பே எடுத்துவிட்டேன். காலேஜில் சேர்ந்த அன்று கேட் முன்னால் மகளை ஒரு போட்டோ எடுத்தேன். நன்றாக வந்திருந்தது.

"போடட்டுமா?" என்றேன்.

"யோசிச்சுச் சொல்றேன்ப்பா."

இன்னும் சொல்லவில்லை.