பனங்கொட்டையும் வினைப்பயனும்

செய்த வினையின் பயன் செய்தவரையே சென்றடையும் என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்று. ஆயினும், பயன் விளையும் காலத்தில் தாம் உயிரோடிருப்போமா என்பதையோ அப்பயன் எத்தகையதாக அமையும் என்பதையோ அறியாமலே ஒருவர் ஒரு செயலில் ஈடுபடும்போது, அக்கொள்கைக்கு என்ன பொருள் கொள்வது என்ற வினா எழுகின்றது. கிளிநொச்சி மாவட்டத்தில், குறிப்பாகப் பூநகரி, பச்சிலைப்பள்ளிப் பகுதிகளில், பனம்பழம் விழும் ஆவணி, புரட்டாதி மாதங்களில் கொட்டைகளைப் பொறுக்கி வளவின் எல்லையோரம் ஊன்றும் குடும்பங்களின் செயல் இத்தகையதே. ஆதலால் இவ்வினாவை ஆராய்வதற்கு நூல்களுக்கு நிகரான சான்றாக அதனைக் கொள்ளலாம்.

தானாக முற்றி விழுந்த பழத்தின் களி நீக்கப்பட்டபின் எஞ்சும் கொட்டைகள், பெரும்பாலும் பழத்துக்கு மூன்றாகவும் சிலவேளை இரண்டாகவும் ஒன்றாகவும் இருக்கும். அவற்றுள் கைக்குக் கனமானவையே விதைக்கெனத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. நெடுநாள் வெயிலில் காய்ந்தால் முளைக்கும் ஆற்றல் குன்றிவிடும் என்பதால், வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாகவோ தொடங்கிய உடனேயோ அவை மண்ணுக்குள் சென்றுவிட வேண்டும். அங்கு நிகழும் முளைப்பு ஏனைய பல விதைகளின் முளைப்பைப் போன்றதன்று. கொட்டையின் கண்ணிலிருந்து குழல் போன்றதொரு தண்டு புறப்பட்டு, மேல்நோக்கி எழாமல், முளைக்குருத்தைத் தன் நுனியில் ஏந்தியவாறு நிலத்தினுள் முழக்கணக்கில் இறங்குகின்றது. ஆழத்தில் நிலைகொண்ட பின்னரே முதல் இலை அங்கிருந்து மேலே புறப்படுகின்றது. இதற்கிடையில் கொட்டையினுள் பூரான் எனப்படும் மென்மையான பகுதி வளர்ந்து, விதையில் சேமிக்கப்பட்டிருந்த உணவை உறிஞ்சி இளங்கன்றுக்கு அனுப்புகின்றது. உணவு தீர்ந்த வெற்றுக் கொட்டை ஊமல் எனப்படும். வேரும் குருத்தும் இவ்வளவு ஆழத்தில் அமைவதால் முளைத்த பனையைப் பெயர்த்து நடுவது அரிது. எங்கே மரம் நிற்க வேண்டுமோ அங்கேயே விதை ஊன்றப்பட வேண்டும் என்ற வழக்கம் இதனால் உண்டாயிற்று.

ஒரே மரத்தின் கொட்டைகளுள் சில பாத்திக்கும் சில எல்லைக்கும் செல்கின்றன என்பதும் கருதத்தக்கது. இளகிய மண்ணை உயர்த்தி அமைத்த பாத்தியில் நெருக்கமாக அடுக்கப்பட்டவை, மாப்பொருள் தேங்கித் தடித்த பனங்கிழங்காகச் சில மாதங்களில் கிண்டி எடுக்கப்பட்டு, பச்சையாகக் கிழித்துக் காயவிடப்பட்டால் ஒடியலாகவும் அவித்துக் காயவிடப்பட்டால் புழுக்கொடியலாகவும் மாறுகின்றன. விதைத்தவரே உண்ணும் பயன் இது. எல்லையில் ஊன்றியவையோ வடலி எனப்படும் இளம்பனையாகிப் பல ஆண்டுகள் ஓலை மட்டுமே தந்து, பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே பூக்கின்றன. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பது போல என்று, கைகூடாத காத்திருப்பை எள்ளும் ஈழத்து வழக்கு இந்த இரண்டாவது வகைச் செயலையே குறிவைக்கின்றது.

காத்திருப்பின் நீளத்தைவிட ஆழமான இடர் வேறொன்று உண்டு. பனையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்களாக இருக்க, எந்தக் கன்று எதுவாகும் என்பதைப் பாளை வெளிப்படும்வரை பார்வையால் அறிய இயலாது. சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய பெரியபுராணம், திருஞானசம்பந்தர் வரலாற்றில் இவ்விடரையே ஒரு நிகழ்ச்சியாக அமைத்துள்ளது. இன்று செய்யாறு என வழங்கும் திருவோத்தூரில் சிவனடியார் ஒருவர் இறைவனுக்கென வளர்த்த பனைகள் யாவும் ஆண்பனைகளாகிவிட, இவற்றைக் காய்க்கச் செய்ய முடியுமா எனச் சமணர் எள்ளினர் என்றும், சம்பந்தர் பாடிய பதிகத்தால் அவை குலை ஈன்றன என்றும் அந்நூல் கூறுகின்றது. இதனை அற்புதமாக மட்டும் வாசிப்போர் இரண்டு செய்திகளைத் தவறவிடுகின்றனர். ஆண்பனையின் மகரந்தமின்றிப் பெண்பனையில் முளைக்கத்தக்க விதை உண்டாகாது என்பதும், ஆண்பாளையும் சீவப்பட்டுப் பதநீரும் கள்ளும் தருகின்றது என்பதும் முதலாவது. எள்ளலுக்கு இலக்கான மரங்கள் உண்மையில் பயனற்றவை அல்ல. காய்த்த அப்பனைகள் தம் வாழ்நாள் முடிவில் பிறவி நீங்கிச் சிவத்தைக் கூடின எனச் சேக்கிழார் மேலும் கூறுவது இரண்டாவது. மரமும் வினை நுகரும் உயிரே, வீடுபேற்றுக்கு உரியதே என்னும் கருத்து இங்கு வெளிப்படையாகின்றது. நட்டவரின் தேவையை அளவுகோலாக்கி மரத்தின் பிறவியை மதிப்பிடுவோருக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

அவ்வாறாயின், நட்டவருக்கு உரிய பயன் எது? பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோத மரபில் வினை சடம், அதாவது அறிவில்லாதது. தன்னைச் செய்தவரை அறிந்து பயனைக் கொண்டுசேர்க்க அதனால் இயலாது. ஆதலால் இறைவனே அதனைக் கூட்டுவிக்கின்றான். உழுதவருக்கு விளைவைத் தந்தும் அவர் செயலில் தான் தோயாது நிற்கும் வயலை இதற்கு உவமையாக்குவது அம்மரபு. இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த வினை பிராரத்தம் என்றும், நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம் என்றும் வகுக்கப்படுகின்றது. இவ்வகுப்பின்படி நோக்கினால், பாட்டனார் ஊன்றிய பனையின் நுங்கைப் பேரப்பிள்ளை உண்பது பேரப்பிள்ளையின் பிராரத்தம். ஊன்றியதால் பாட்டனாருக்குச் சேர்ந்த ஆகாமியம் அந்த நுங்கினால் கூடுவதுமில்லை, மரம் ஆணாகி நுங்கே இல்லாமற்போவதால் குறைவதுமில்லை. திருவோத்தூர் அடியாரின் தொண்டு பனைகள் காய்ப்பதற்கு முன்பே நிறைவுற்றிருந்தது என்று துணிந்து கூறலாம். வடலியைப் பற்றிய எள்ளல், மரத்தின் விளைவையும் செயலின் பயனையும் ஒன்றாகக் கொண்டதால் பிறந்த பிழை.

இக்கோட்பாடு கிளிநொச்சியை உள்ளடக்கிய வன்னியில் வெறும் ஏட்டுப் பொருளாக நிற்பதன்று. பனைக்கு வளர்முனை ஒன்றே. கிளைவிட்டுத் தழைக்கும் மரங்களைப் போலன்றி, உச்சிக் குருத்து அறுபட்டால் முழு மரமும் மடிகின்றது. இலங்கையின் உள்நாட்டுப் போரில் எறிகணைகளால் தலையிழந்த மரங்களும் காப்பரண்களுக்கெனத் தறிக்கப்பட்ட மரங்களும் பெரும்பாலும் முன்னைய தலைமுறைகள் ஊன்றியவை. 2009இல் போர் முடிந்து, இடம்பெயர்ந்தோர் மீளக்குடியமர்ந்தபின், குடும்பங்களும் பாடசாலைகளும் பனங்கொட்டைகளை மீண்டும் ஊன்றின. வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. ஊன்றியவர்களுள் பலர் ஒரு முறைக்கு மேல் வளவை இழந்தவர்கள். அதே நிலத்தில் இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு அவர்களது வாழ்க்கையில் சான்று குறைவு. அழிந்த மரத்தோடு அதை ஊன்றியவரின் பயனும் அழிந்தது என்று கொண்டால் அவர்களது முன்னோரின் உழைப்பு வீண் என்றாகிவிடும். சித்தாந்தம் அவ்வாறு கொள்ள இடந்தரவில்லை. மீள்குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில் ஊன்றப்பட்டுக் கட்டாக்காலி மாடுகளுக்கும் காட்டுத்தீக்கும் தப்பிய வடலிகள் இப்போது பூக்கும் பருவத்தை நெருங்குகின்றன. அவற்றுள் ஆணென வெளிப்படுபவற்றைக் காயாதவை எனத் தறிப்பதற்குச் சேக்கிழாரிடமும் மெய்கண்டாரிடமும் எந்த நியாயமும் கிடைக்காது.