கையெழுத்தும் சம்மதமும்

தாமலில் ஒருநாள் அஸர்த் தொழுகைக்குப் பின் பெரியவர் ஒருவர் பல பக்கங்கள் கொண்ட ஒப்புதல் படிவமொன்றை என்னிடம் நீட்டினார். புகையிலையையே தொட்டறியாத அவர் மகனுக்கு நுரையீரலில் புற்றுநோய். சென்னையில் புதிய மருந்தொன்றின் சோதனையில் சேர்த்துக்கொள்வதாகக் கூறியிருக்கின்றனர்.

"மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லலாமா, ஹஜ்ரத்?"

மருந்தை மனிதரிடத்தே சோதித்தறிவது கூடும் என்பதில் எனக்கு ஐயமில்லை. விலங்குக்குக் கொடுத்துக் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம் என்று இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் எழுதி ஆயிரமாண்டுகள் ஆகின்றன. அவருக்கும் முந்திய அபூபக்கர் ராஸீ, மூளைக்காய்ச்சல் கண்டவர்களுள் ஒரு சாராருக்குக் குருதி வெளியேற்றி, மறு சாராரை வேண்டுமென்றே விட்டுவைத்து வேறுபாட்டைக் கண்டதாக 'ஹாவீ'யில் குறித்துள்ளார். அதனை அறிந்தபோது முதலில் வியந்தேன், பின்னர் அஞ்சினேன். விட்டுவைக்கப்பட்டவர்களிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

அரிய நோயில் இச்சிக்கல் வேறு வடிவம் கொள்கின்றது. நுரையீரல் புற்றுநோயாளர் நூற்றுவருள் ஓரிருவருக்கே ஆர்.ஓ.எஸ்.1 என்னும் மரபணு பிறழ்ந்திருக்கும். அதனைக் குறிவைக்கும் கிரிஸோட்டினிப் மருந்தை, ஒப்பிடுவதற்கென மறு சாரார் எவரையும் வைக்காமலே 50 பேருக்குக் கொடுத்தனர். 36 பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியதென 2014இல் அறிவித்தனர். 2016இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. எஞ்சிய பதினால்வரையும் நாம் மறத்தலாகாது. அவர்களும் கையெழுத்திட்டவர்களே.

எழுத்தறியாதார் சம்மதிக்கும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்கின்றன நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு விதிகள். நல்லதுதான். ஆனால் சாட்சி காண்பது கைநாட்டை, உள்ளத்தையன்று. சிகிச்சையென நம்பி இட்ட கையெழுத்தும் சோதனையென அறிந்து இட்ட கையெழுத்தும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். சரக்கின் குறையை மறைத்து விற்றால், வாங்கியவன் திருப்பித் தரலாம் என்பது ஃபிக்ஹுச் சட்டம். சோதனையிலிருந்தும் எப்போது வேண்டுமாயினும் விலகலாம். உட்கொண்ட மருந்தைத் திருப்பித் தருவது எங்ஙனம்?

"இது என் மகனைக் குணமாக்கவா, இவனுக்குப் பின் வருவோருக்கு வழி காணவா என்று மருத்துவரிடமே கேளுங்கள். விடையை மகன் தன் காதால் கேட்கட்டும். சோதனை முடிந்த பிறகும் மருந்து கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்" என்றேன்.

பெரியவர் தயங்கினார். "அப்படிக் கேட்டால் சேர்த்துக்கொள்ளாமல் விட்டுவிடுவார்களோ, ஹஜ்ரத்?"

படிவத்தைவிட அந்த அச்சமே என்னைக் கலக்கிற்று. கேட்பது உங்கள் உரிமை, சட்டமே தந்தது என்று தேற்றினேன். "மகன் இதைப் படித்துவிட்டானா?" என்று வினவினேன். இல்லையென்று தலையசைத்தவர், படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு நோக்கி நடந்தார்.