அளந்து கேட்ட உரிமை

உரிமை கோருவோர் கிடைக்கக்கூடிய அளவுக்குக் கோரவேண்டுமா, நியாயமான அளவுக்குக் கோரவேண்டுமா? இது தந்திரோபாயம் பற்றிய வினாவாகவே பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. அறவியல் வினாவாக இதனை நோக்க டாக்டர் மேரி இரட்ணத்தின் பொதுவாழ்வு இடந்தருகிறது.

1873 இல் கனடாவிலே பிறந்து, மருத்துவம் பயின்று, 1896 இல் இலங்கைக்கு வந்தவர் அவர். தமிழரொருவரை மணந்தமையால், ஆதரவளிக்கவிருந்த மிஷன் அவரைக் கைவிட்டது. (சகோதரத்துவத்தைப் போதித்தோர் அதனை மணவறைவரை கொண்டுசெல்ல அஞ்சிய காலம் அது.) எனினும், 1962 இல் மறையும்வரை அவ்வம்மையாரின் உழைப்பு இந்நாட்டிலேயே கழிந்தது.

1927 இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றியபோது முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். சங்கத்தினர் பெரும்பாலும் வசதிபடைத்த குடும்பத்துப் பெண்கள். டொனமூர் ஆணைக்குழுவிடம் அவர்கள் முதலிலே கோரியது வரையறுக்கப்பட்ட வாக்குரிமையையே. முதலிற் சிலருக்கு, பின்னர் எல்லாருக்கும் என்னும் வாதம் விவேகமாகவே தோன்றும். ஆயின் காத்திருக்கவேண்டியவள் யார் என்பதைத் தீர்மானிப்பவள், காத்திருக்கவேண்டாதவள் அல்லவா? மேலும், கல்வியில்லாதவளுக்கு வாக்கெதற்கு என்று ஒருத்தி ஒப்புக்கொண்டுவிட்டால், பெண்ணுக்கு வாக்கெதற்கு என்று கேட்கும் ஆடவனுக்கு அவள் கூறக்கூடிய விடை வலுவிழந்துவிடுகிறது. இரண்டும் ஒரே தருக்கத்தின் கிளைகள்.

சர்வசன வாக்குரிமையைத் தயக்கமின்றிக் கோரியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள். ஏ. ஈ. குணசிங்காவின் தொழிலாளர் இயக்கமே அது. ஆணைக்குழு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. 1931 இல் அது 21 வயதாயிற்று. ஆளுவோரின் கொடை என்று இதனை நம் பாடநூல்கள் கூறுவது வரலாற்றை அரைகுறையாய்க் கூறுவதாகும்.

இவற்றினும் முக்கியமான செய்தியொன்றுண்டு. தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என ஆணைக்குழுவினர் வினவியபோது, அவர்களும் பெண்களே என்ற கருத்துப்பட விடையிறுத்ததாகச் சங்கச் செயலாளர் அக்னஸ் டி சில்வா பின்னர் எழுதியுள்ளார். அளந்து கேட்கப் போனவர்கள் அளவுகோலைக் கைவிட்ட கணம் அது. மேரி இரட்ணமும் வாக்குப் பெற்றதோடு ஓய்ந்துவிடவில்லை. 1930 இல் லங்கா மகிலா சமிதியை நிறுவிக் கிராமத்துப் பெண்களிடம் சென்றார். 1937 இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார். தொழில்நுட்பக் காரணங் காட்டி அப்பதவி பறிக்கப்பட்டது. சமிதிப் பணியோ நின்றுவிடவில்லை. 1958 இல் மகசேசே விருது அவரை வந்தடைந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து.

ஆனால் அக்னஸ் அம்மையாரின் விடை 1948 இலேதான் சோதனைக்குள்ளாயிற்று. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. கொழுந்து கிள்ளும் பெண்களும் அவர்களுள் அடக்கம். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது. 1931 இலே வாக்களித்த தோட்டத்துப் பெண்களுள் எத்தனைபேர் அதனைக் காண உயிரோடிருந்திருப்பர்?