யார் அழிக்கலாம்?

வயதாவது முதலில் நமக்குத் தெரிவதில்லை. அடுத்தவர் கண்ணுக்குத்தான் தெரிகிறது. பேருந்தில் ஒரு பெண் “உட்காருங்க பாட்டி” என்று எழுந்து இடம் கொடுக்கும் நாளில்தான் சேதி நமக்கு வந்து சேர்கிறது. சிமோன் தி பொவா 1970இல் வெளியிட்ட முதுமை பற்றிய நூலில் இதை ஆராய்ந்தார். முதுமையைப் பெரும்பாலும் பிறர் பார்வை வழியாகவே அறிகிறோம் என்றார். அப்படியானால், வயதான பெண்ணே தன்னைப் படம்பிடித்தால் அந்தப் பார்வை அவளுடையதாகிவிடுமா?

பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தா, எழுபதைக் கடந்த வயதில், சிறிய டிஜிட்டல் கேமராவோடு ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2000இல் வெளிவந்த அந்தப் படம், அறுவடை முடிந்த வயல்களில் மிச்சத்தைப் பொறுக்குகிறவர்களைப் பற்றியது. நடுவே, ஒரு கையில் கேமராவைப் பிடித்துக்கொண்டு தன் மறு கையைப் படமெடுக்கிறார்: சுருக்கங்கள், தோலில் விழுந்த புள்ளிகள். ஊர் வேண்டாமென்று விட்டதைப் பொறுக்குவதும், வயதான தன் உடம்பைப் பார்ப்பதும் அவருக்கு ஒரே வேலையாகிவிடுகிறது.

ஆந்திராவின் மஸ்தானம்மா கதை வேறு. நூறு வயதைக் கடந்தவர் என்று அறியப்பட்ட அவர் சமைப்பதை யூடியூபில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2018 டிசம்பரில் இறந்தார். கேமரா கொள்ளுப்பேரன் பக்கம் இருந்தது. அன்போடு எடுத்த படங்கள்தான். ஆனால் அவர் சமைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? கிழவியான பின்பும் பெண்ணிடம் நமக்குப் பிடித்தது ஆக்கிப்போடும் கைதான்.

சேதராப்பட்டில் என் வீட்டு வாசலைத் தினமும் ஒரு நிமிடம் ஃபோனில் எடுத்துவைக்கிறேன். தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்கள் கடந்துபோகிறார்கள். நான் கோலம் போட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறேன். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு வருஷத்துப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தபோது, கோலத்தில் புள்ளிகள் குறைந்திருந்தன. எழுவதற்கு முன் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடியிருந்தது. அந்த நேரத்தில் தெருவை வேடிக்கை பார்க்கிறேன், முகத்தில் நிம்மதி. ‘பாவம், முடியலை’ என்று சொல்கிற கண்களுக்கு இது தெரிவதில்லை.

எத்தனை பெண்களுக்கு இது முடியும் என்று நீங்கள் கேட்கலாம். ஃபோன் மகன் வாங்கியது. பேரன் விரல் பட்டால்தான் திறக்கும். கூலி வேலைக்குப் போய்வருகிறவளுக்குத் தன்னைப் பார்க்க ஒரு நிமிடம்கூட மிஞ்சுவதில்லை. கேமராவே இன்னொரு கண்ணாடியாகி, ‘டை அடி, சிரி’ என்று அதட்டவும் கூடும்.

ஆகவே கேமரா கையில் இருப்பது மட்டும் போதாது. பிடிக்காத படத்தை அழிக்கவும், பிடித்ததை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்ளவும் அவளால் முடிய வேண்டும். அந்த உரிமை இருந்தால் பேரன் எடுத்த படமும் அவளுடையதே. இல்லையென்றால் அவளே எடுத்த செல்ஃபியும் அடுத்தவர் சொத்துதான்.

பாட்டிமார் கதைகளை வீடியோவில் சேகரிக்கும் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. நல்ல காரியம், செய்யுங்கள். எடுத்ததும் அவரிடமே போட்டுக் காட்டுங்கள். எந்தப் பொத்தானை அமுக்கினால் அழியும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.