பறித்த சரக்கும் பொதுக் கடலும்

தோ பாயோ ஈரச்சந்தைப் பக்கம் போனால் ஜாதிக்காயும் கிராம்பும் சில வெள்ளிக்கே கிடைக்கும். இவற்றுக்காகக் கடலையே பங்கு போட்டுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. அந்தச் சண்டையில் மறக்கக்கூடாத ஒரு நாள், இதே சிங்கப்பூர்த் தீவின் கிழக்கு முனையில், சாங்கிக் கடலோரத்தில் விடிந்தது.

1603 பிப்ரவரி 25. சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரிலிருந்து மலாக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துகீசியக் கப்பலை டச்சுத் தளபதி ஹீம்ஸ்கெர்க், ஜொகூரின் துணையோடு பிடித்தார். கப்பலில் இருந்தவர்களை உயிரோடு விட்டுவிட்டார்கள். வாசனைப் பொருள் தேடி வந்தவர்கள் கைக்கு வந்ததோ பெரும்பாலும் சீனப் பட்டும் பீங்கானும். ஆம்ஸ்டர்டாமில் அது 30 லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போனது.

இது போரா, கொள்ளையா? டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் தனக்காக வாதாட இளம் வழக்கறிஞர் ஹியூகோ குரோஷியஸை அமர்த்தியது. கடல் யாருக்கும் சொந்தமில்லை, வணிகத்தைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்ற அவருடைய வாதம் 1609இல் நூலாக வந்தது. எல்லாக் கொடிகளுக்கும் வழிவிடும் நீரிணையை நம்பி வாழும் சிங்கப்பூருக்கு அந்தக் கொள்கை உயிர்மூச்சு.

கொள்ளையை நியாயப்படுத்தப் பிறந்ததாலேயே ஒரு கொள்கை பொய்யாகிவிடாது. 1511இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடம் பறிகொடுத்த அரச மரபுதான் ஜொகூரை ஆண்டது. அதன் மனக்குறையும் பொய்யல்ல. ஆனால் ஒரு கொள்கையைச் சொன்னவர், தனக்கு நட்டம் வரும்போதும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். டச்சுக்காரர்கள் தவறியது இங்கேதான். 1613இல் லண்டன் பேச்சுவார்த்தையில் ஆங்கிலேயர் அந்த நூலின் வாதத்தையே எடுத்து நீட்டியபோது, வாசனைப் பொருள் விளையும் தீவுகளின் மக்கள் டச்சுக்காரருக்கு மட்டுமே விற்பதாக ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள் என்று பதில் சொன்னவர் அதே குரோஷியஸ். 1621இல் ஜாதிக்காய் விளைந்த பண்டா தீவுகளில், வேறு வணிகர்களுக்கும் விற்ற மக்களை யான் கூன் தலைமையிலான டச்சுப் படை கொன்றும் நாடுகடத்தியும் தீவுகளையே கிட்டத்தட்டக் காலியாக்கியது. கடல் பொதுவென்றால், தன் சரக்கை விரும்பியவருக்கு விற்கும் உரிமை பண்டா விவசாயிக்கும் உண்டல்லவா?

அந்தக் காலத்து மனிதர்களை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பார்கள். அளவுகோல் அன்றும் இருந்தது. அதே நிறுவனத்தின் பங்குதாரர்களில், ஆயுதமெடுப்பதையே பாவமாகக் கருதிய மென்னோனைட் கிறிஸ்தவர்கள் சிலர், பறித்த சரக்கில் வந்த பணம் தங்களுக்கு வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டார்கள்.