பாத்துக்கிறேன், பாத்துக்கலாம்

ஆரணியில் தறி ஓடும் வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இரண்டு பேச்சு மாறி மாறிக் காதில் விழும். "நான் பாத்துக்கிறேன்" என்பது ஒன்று, "வுடு, பாத்துக்கலாம்" என்பது இன்னொன்று. வேர் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் பொறுப்பேற்க ஓர் ஆள் நிற்கிறார். இரண்டாவதில் பெரும்பாலும் யாருமே இல்லை. கூலி கைக்கு வராத வாரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் தோளைத் தொட்டுச் சொல்லும் "பாத்துக்கலாம்" மட்டும் வேறு ரகம். அதில் 'நாம' ஒளிந்திருக்கிறது.

பட்டுப் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தால் நெசவாளி தறியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, துண்டு இழை சேர்த்து முடிந்து, விழுதுக் கண்ணில் நுழைத்து, அச்சுப் பல்லுக்கு இடையில் இழுத்துவிட்ட பிறகுதான் நாடா மறுபடி ஓடும். விட்டுவிட்டால் அந்த இடத்திலிருந்து சேலை நெடுகக் கோடு விழும். நிறுத்தும் நேரத்துக்குத் தனிக்கூலி கிடையாது. அக்கறை என்ற சொல்லை அவர் ஒருமுறைகூட உச்சரிப்பதில்லை.

அவரிடம் நாம் காட்டுவது என்ன? யாருக்கும் அவர்மேல் பகை இல்லை. அலட்சியத்துக்குப் பகை தேவையே இல்லை, அதுதான் அதன் கொடுமை. சேலை உட்படக் குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பேரில் விலைபோகிறது என்ற குறை நெசவாளர்களிடம் தீரவில்லை. "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வருகிறது. எடுப்பவர் யார் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. "பாத்துக்கலாம்" என்பதன் அலுவலக வடிவம் அது.

அன்பு எவ்வளவு என்று அளக்க நமக்கு வழியில்லை. பொறுப்பை அளக்கலாம்: யார், எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் விடை இருந்தால் அது அக்கறை.

ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும், பாவு ஈரம் கோக்கும், வேலை நிற்கும். இது வருஷா வருஷம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. புரட்டாசியிலேயே ஒருவர் வந்து, "இந்தத் தெருக் குழிகளுக்கு நான் பொறுப்பு, இன்ன தேதிக்குள் மேடை கட்டித் தருகிறேன்" என்று சொல்லட்டும். அந்த வீடுகள் அவரை நம்பத் தயாராகத்தான் இருக்கின்றன.